சொந்தக் கவிதையைப் புத்தகமாக்க பாரதி பட்ட பாடு: 15,000 இலவசப் பிரதிகள் முதல் 40 புத்தகத் திட்டம் வரை

கவிதை எழுதும் எல்லோரையும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி பிடித்துக்கொள்ளும்: இதை யார் புத்தகமா போடுவாங்க? கீழ்க்கட்டளையில் வீடு, ரேடியல் ரோடு வழியாக ஓ.எம்.ஆரில் ஆபீஸ், போனில் சேர்ந்துகிடக்கும் அறுபது எழுபது கவிதைகள் என்று இருப்பவருக்கும் இதே கேள்விதான். பதிப்பகத்துக்கு அனுப்பினால் பதில் வருவதில்லை. சொந்தக் காசைப் போடலாம் என்றால், அடித்த பிரதிகள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்துவிடுமோ என்ற பயம்.

இந்த வரிசையில் நின்றவர்களில் பெரிய பெயர் சுப்பிரமணிய பாரதி. இன்றைக்கு எந்த புத்தகக் கடையில் நுழைந்தாலும் பாரதியார் கவிதைகள் இருக்கும். பல பதிப்பு, பல விலை. ஆனால் 1921-ல் அவர் இறந்தபோது, எழுதியதில் பெரும் பகுதி புத்தகமாக வந்திருக்கவில்லை. பாஞ்சாலி சபதத்தின் இரண்டாம் பாகமும் குயில் பாட்டும் புத்தகமாக வந்தது அவர் மறைவுக்குப் பிறகுதான்.

அவருக்குப் பெயர் இல்லாததால் இப்படி ஆகவில்லை. பத்திரிகை அவர் கையில் இருந்தது, வாசகர்கள் இருந்தார்கள், எப்படி விற்கலாம் என்ற கணக்கும் தெரிந்திருந்தது. பிறகு எங்கே சிக்கியது? அவருடைய வாழ்க்கையை இந்த ஒரு கோணத்தில் மட்டும் பார்க்கலாம். இந்தக் கதையில் முக்கியமான இன்னொருவர் தன் கடைசிக் காலத்தில் வாழ்ந்தது, கீழ்க்கட்டளைக்குப் பக்கத்திலேயே இருக்கும் குரோம்பேட்டையில். அவரைப் பற்றி பிறகு.

முதல் கவிதை எங்கே வந்தது?

1882 டிசம்பர் 11-ல் எட்டயபுரத்தில் பிறந்தவர் பாரதி. ஐந்து வயதில் அம்மா இறந்துவிட்டார். 11 வயது வாக்கில், பாடும் திறமைக்காக எட்டயபுரம் அவையில் பாரதி என்ற பட்டம் கிடைத்தது. 1897-ல், படிப்புக்கு உதவி கேட்டு எட்டயபுரம் மன்னருக்கு அவர் கொடுத்த விண்ணப்பமும் செய்யுளாகவே இருந்தது. அந்தக் காலத்தில் கவிதைக்கு முதல் வாசகர் பணம் கொடுக்கக்கூடிய ஜமீன்தார். அச்சு என்பதெல்லாம் அப்புறம்.

1898-ல் அப்பாவும் இறக்க, காசிக்குப் போனார். திரும்பி வந்து எட்டயபுரம் அரண்மனையில் கொஞ்ச காலம் வேலை. அவருடைய கவிதை முதன்முதலில் அச்சில் வந்தது 1904 ஜூலையில். மதுரையிலிருந்து வந்த 'விவேகபாநு' என்ற பத்திரிகை, 'தனிமை இரக்கம்' என்ற கவிதையை வெளியிட்டது. அப்போது அவருக்கு 21 வயது. பழைய புலவர்களின் கடினமான நடையில் எழுதப்பட்ட கவிதை அது. நமக்குத் தெரிந்த எளிமையான பாரதி அதில் இன்னும் வரவில்லை.

அதே ஆண்டு மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியர் வேலை. நவம்பரில் சென்னைக்கு வந்து 'சுதேசமித்திரன்' நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். ஜி.சுப்பிரமணிய ஐயர் நடத்திய பத்திரிகை. ஆங்கிலத்தில் வரும் செய்திகளையும் பேச்சுகளையும் தமிழாக்குவது முக்கிய வேலை. நாள் முழுக்க, படிக்கிறவருக்கு உடனே புரிகிற மாதிரி எழுதிப் பழக வேண்டிய வேலை அது. அந்தப் பழக்கம் கவிதைக்குள்ளும் வந்தது. 1905-ல் வங்கப் பிரிவினையை ஒட்டி அவர் எழுதிய வங்க வாழ்த்துக் கவிகளை சுதேசமித்திரனே வெளியிட்டது. 1906-ல் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகை அவர் பொறுப்புக்கு வந்த பிறகு, கவிதையைப் போட யாரிடமும் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

ஆனால் பத்திரிகைக்கு ஆயுள் குறைவு. அடுத்த இதழ் வந்தால் முந்தைய இதழ் பொட்டலம் மடிக்கப் போய்விடும். கவிதை தங்க வேண்டும் என்றால் புத்தகம் வேண்டும்.

அப்போது புத்தகத்துக்கு யார் காசு கொடுத்தார்கள்?

இன்று நாம் சொல்லும் அர்த்தத்தில் கவிதைக்கான பதிப்பகம் அன்று கிடையாது. மூன்று வழிகள்தான் இருந்தன.

முதல் வழி, ஜமீனோ மடமோ செலவை ஏற்பது. இரண்டாவது, கையொப்பம் வாங்குவது. அதாவது, புத்தகம் வந்தால் வாங்குகிறேன் என்று பலரிடம் முன்கூட்டியே உறுதி வாங்கி, அதை நம்பி அச்சடிப்பது. 1887-ல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது இப்படித்தான். இன்று கிரவுட் ஃபண்டிங் என்று சொல்வதற்கு கிட்டத்தட்ட அப்பா முறை. மூன்றாவது வழி, கடனோ நகையோ, எப்படியாவது சொந்தக் காசு.

எழுத்தை ஒவ்வொன்றாகக் கையால் கோத்து அச்சடிக்கும் காலம் அது. செலவு அதிகம், வாங்குபவர் குறைவு. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-ல் சுமார் 6 பேர். அந்த ஆறு பேரிலும் தமிழ்க் கவிதைக்குக் காசு கொடுப்பவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

எதிரணிக்காரர் அச்சடித்த 15,000 பிரதிகள்

பாரதியின் பாடல்களுக்கு முதல் பெரிய அச்சு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. காங்கிரஸ் அப்போது இரண்டு அணியாக இருந்தது. பாரதி திலகரின் தீவிரவாத அணி. சென்னையில் மிதவாத அணியின் பெரிய தலைகளில் ஒருவர் வழக்கறிஞர் வி.கிருஷ்ணசாமி ஐயர். பிறகு உயர் நீதிமன்ற நீதிபதி ஆனவர். அரசியலில் பாரதியின் பேனா அவர் அணியை விட்டுவைக்கவில்லை.

பதிப்பாளர் ஜி.ஏ.நடேசன் மூலமாக இருவரும் சந்தித்தார்கள். பாரதி பாடிக்காட்டினார். கிருஷ்ணசாமி ஐயருக்கு மனசு இளகிவிட்டது. 1907-ல் மூன்று பாடல்களை நான்கு பக்கப் பிரசுரமாக 15,000 பிரதிகள் தன் செலவில் அச்சடித்து இலவசமாக விநியோகித்தார்.

இதில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கை. இன்றைக்கு ஒரு புதுக் கவிஞரின் தொகுப்பு சில நூறு பிரதிகள் போனாலே பதிப்பாளர் சந்தோஷப்படுவார். 115 ஆண்டுகளுக்கும் முன்பு மூன்றே பாட்டு, நாலே பக்கம், 15,000 பேர் கைக்குப் போயிருக்கிறது. புத்தகமாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. சின்னதாக, இலவசமாக, சட்டைப் பையில் மடித்து வைக்கிற மாதிரி இருந்ததால் நடந்தது. கவிதை பரவுவதற்குத் தடிமனான தொகுப்பு கட்டாயமில்லை என்பதை பாரதி இங்கேதான் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அவர் பின்னால் போட்ட திட்டங்களில் மலிவு விலையும் பெரிய எண்ணிக்கையும் விடாமல் வருகின்றன.

அடுத்த ஆண்டே, 1908-ல், 'ஸ்வதேச கீதங்கள்' புத்தகம் வந்தது. பாரதி அதை சகோதரி நிவேதிதாவுக்குச் சமர்ப்பித்தார். 25 வயதில் முதல் கவிதைத் தொகுப்பு. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

புதுச்சேரி: எழுத்து பெருகியது, வழி அடைபட்டது

1908-ல் அரசு பத்திரிகைகள் மீது பாய்ந்தது. 'இந்தியா' பத்திரிகையின் ஆசிரியராகச் சட்டப்படி பதிவாகியிருந்தவர் எம்.சீனிவாசன். அவர் கைதானார், ஐந்து ஆண்டு தண்டனையும் கிடைத்தது. பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போய்விட்டார். பத்திரிகையும் பின்னாலேயே போய் அங்கிருந்து வெளிவந்தது.

புதுச்சேரியில் பத்து ஆண்டுகள். கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம் என்று இன்று நாம் கொண்டாடும் பெரிய படைப்புகள் இந்தக் காலத்தைச் சேர்ந்தவை. எழுத வேண்டிய நேரத்தில் எழுத முடிந்தது. ஆனால் வாசகர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தார்கள். அங்கே போகும் தபாலை போலீஸ் கண்காணித்தது. சந்தாப் பணம் வருவதும் பத்திரிகை போய்ச் சேருவதும் கஷ்டமாகி, 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றுபோனது.

1910-ல் வந்த பத்திரிகைச் சட்டம் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. புதிதாக அச்சகம் தொடங்குபவர் ரூ.500 முதல் ரூ.2,000 வரை ஜாமீன் தொகை கட்ட வேண்டும். அரசுக்குப் பிடிக்காததை அச்சடித்தால் பணம் போய்விடும், அப்புறம் அச்சகமும் போகும். அச்சக முதலாளி ஒருவரின் இடத்தில் நின்று யோசித்தால் புரியும்: பாரதியின் கையெழுத்துப் பிரதியைத் தொடுவதே ஆபத்து. 1911-ல் அவருடைய சுயசரிதைக் கவிதையான 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' என்ற கதை, இரண்டையும் சென்னை அரசு தடை செய்தது.

ஆனாலும் அவர் முயற்சியை விடவில்லை. 1909-ல் ஸ்வதேச கீதங்களின் அடுத்த பகுதியாக 'ஜன்ம பூமி' வந்தது. 1912-ல் பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் வந்தது. தொடர்ந்து இரண்டாம் பாகம் வரவில்லை. 1914-ல் 'மாதா மணிவாசகம்' என்ற தொகுப்பு அச்சானது கடல் தாண்டி, தென்னாப்பிரிக்காவின் டர்பனில். அங்கே குடியேறியிருந்த தமிழர்கள் மூலம் அது சாத்தியமானது. சுப்பிரமணிய சிவா நடத்திய 'ஞானபாநு' மாத இதழிலும் அவர் எழுத்து வந்தது. காளிதாசன், சக்திதாசன் என்ற புனைபெயர்களிலும் எழுதினார்.

வீட்டில் மனைவி செல்லம்மாவும் தங்கம்மாள், சகுந்தலா என்ற இரண்டு பெண் குழந்தைகளும். நிலையான வருமானம் கிடையாது. எழுதிய காகிதங்கள் மட்டும் பெட்டியில் ஏறிக்கொண்டே போயின.

குரோம்பேட்டைக்காரராக ஆன அந்தத் தம்பி

இங்கேதான் பரலி சு.நெல்லையப்பர் வருகிறார். 1889-ல் பிறந்த திருநெல்வேலிச் சீமைக்காரர். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியில் வேலை பார்த்தவர். அந்தத் தொடர்பில் பாரதியோடு பழக்கமாகி, புதுச்சேரியிலும் அவரோடு இருந்தார். பாரதிக்கு அவர் தம்பி. கடிதங்களிலும் அப்படித்தான் அழைத்தார்.

பெரிய பணக்காரர் இல்லை. அரசியல் தொடர்பால் போலீஸ் கண்காணிப்பு அவர் மீதும் இருந்தது. ஆனால் அவர் சென்னையில் இருந்தார், பத்திரிகை வேலை தெரியும், அச்சகத்துக்கு நடந்துபோய் புரூஃப் பார்க்க முடியும். புதுச்சேரியில் மாட்டிக்கொண்ட கவிஞருக்கு இந்த மூன்றும் இல்லை.

1917-ல் நெல்லையப்பர் அடுத்தடுத்து பாரதியின் பாடல்களை வெளியிட்டார். கண்ணன் பாட்டு, நாட்டுப் பாட்டு, பாப்பா பாட்டு. எல்லாம் சின்னச் சின்னப் புத்தகங்கள். உலகப் போரால் காகித விலை ஏறிக்கிடந்த நேரம் அது. முன்னுரையில் அவர் ஒரு விஷயத்தைத் துணிந்து சொன்னார்: வருங்காலத் தமிழ் ஆண்களும் பெண்களும் இந்தப் பாடல்களைப் பாடி மகிழும் காட்சியை தான் இப்போதே காண்பதாக. கவிஞரின் பெயரைச் சொல்லவே பலர் யோசித்த நேரத்தில் எழுதியது. கண்ணன் பாட்டு 1919-ல் இரண்டாம் பதிப்பு கண்டது, அதற்கு வ.வே.சு.ஐயர் முன்னுரை எழுதினார்.

நெல்லையப்பர் பின்னாளில் 'லோகோபகாரி' பத்திரிகையை நடத்தினார். கடைசிக் காலத்தில் குரோம்பேட்டையில் வாழ்ந்து 1971-ல் மறைந்தார். பாரதி இறந்து ஐம்பதாவது ஆண்டு அது. தன் முன்னுரையில் சொன்னது பலித்ததை முழுசாகப் பார்த்துவிட்டுப் போன மனிதர் அவர். குரோம்பேட்டை பாரதிபுரம் வழியாக தினமும் வண்டி ஓட்டிப் போகும் பலருக்கு இந்தத் தொடர்பு தெரியாது.

ராஜாவுக்குச் சீட்டுக்கவி, மக்களுக்குச் சுற்றறிக்கை

1918 நவம்பரில் பாரதி புதுச்சேரியை விட்டு வெளியே வந்தார். எல்லை தாண்டியதும் கைது. கடலூர் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் இருந்து, டிசம்பர் 14-ல் கட்டுப்பாடுகளோடு விடுதலை ஆனார். செல்லம்மாவின் ஊரான கடையத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

36 வயது. வேலை இல்லை. பெட்டி நிறைய கையெழுத்துப் பிரதிகள். முதலில் பழைய வழியையே முயன்று பார்த்தார். 1919 மே மாதம் எட்டயபுரம் மன்னருக்குச் சீட்டுக்கவி எழுதினார். சீட்டுக்கவி என்றால் புலவர் ஒருவர் பரிசு கேட்டு அரசருக்குச் செய்யுளில் அனுப்பும் கடிதம். 1897-ல் சிறுவனாக விண்ணப்பம் கொடுத்த அதே அரண்மனை. இந்த முறை பயன் இல்லை. ஜமீனின் வரலாற்று நூலைப் புதிய நடையில் திருத்தி எழுதித் தருகிறேன் என்றும் கேட்டுப் பார்த்தார். அதுவும் நடக்கவில்லை.

அடுத்த ஆண்டு எதிர்த் திசையில் போனார். 1920 ஜூனில் கடையத்திலிருந்து நண்பர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். இன்று ஸ்டார்ட்-அப் காரர்கள் முதலீட்டாளரிடம் காட்டும் பிட்ச் மாதிரியே இருக்கும். தன் எழுத்துகள் மொத்தத்தையும் 40 புத்தகங்களாகப் பிரித்து வெளியிடப்போவதாகச் சொன்னார். ஒவ்வொன்றும் 10,000 பிரதிகள். ஒரு புத்தகத்தின் விலை அரை ரூபாய். தொடக்கச் செலவுக்குப் பணத்தை நன்கொடையாகக் கேட்கவில்லை. கடனாகக் கேட்டார், வட்டியோடு திருப்பித் தருவதாகவும் சொன்னார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல தன் புத்தகங்கள் தமிழ்நாட்டில் சாதாரணமாக விற்பனையாகும் என்று நம்பினார்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 40 புத்தகம், தலா 10,000 என்றால் 4 லட்சம் பிரதிகள். எல்லாம் விற்றால் 2 லட்சம் ரூபாய். 1920-ல் இது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்லவே வேண்டாம்.

யாரும் பணம் அனுப்பவில்லை என்றே சொல்லிவிடலாம். திட்டம் அப்படியே நின்றது.

அது வெறும் கனவா?

பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் உட்கார்ந்து பார்த்தால் திட்டத்தின் அடிப்படை சரி. நிறைய அடித்தால் ஒரு பிரதியின் அடக்க விலை குறையும். விலை குறைந்தால் வாங்குபவர் கூடுவார்கள். வாசகர் புலவரோ ஜமீனோ இல்லை, கடைத்தெருவில் தீப்பெட்டி வாங்கும் சாதாரண ஆள். பாரதி எளிமையாக எழுதியதும் அந்த ஆளுக்காகத்தான். அந்த வாசகர் கூட்டம் உண்மையில் இருந்தது என்பது பின்னால் தெரிந்தது.

இல்லாமல் போனது இடையில் இருக்க வேண்டிய கண்ணிகள். கடையத்திலிருந்து ஊர் ஊருக்குப் புத்தகம் கொண்டுபோக ஆள் இல்லை. விற்ற காசை வசூலித்துத் திருப்பி அனுப்ப ஏற்பாடு இல்லை. சிறையிலிருந்து வந்த ஒருவருக்குக் கடன் கொடுத்தால் போலீஸ் நம் வீட்டுக்கும் வருமோ என்ற பயம் கொடுக்கக்கூடியவர்களுக்கு இருந்திருக்கும். 1907-ல் கிருஷ்ணசாமி ஐயரிடம் பணமும் செல்வாக்கும் இருந்தன. 1917-ல் நெல்லையப்பரிடம் உழைப்பும் சென்னையும் இருந்தன. 1920-ல் பாரதி தனியாக நின்றார்.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் மீண்டும் சென்னைக்கு வந்து சுதேசமித்திரனில் சேர்ந்தார். திருவல்லிக்கேணியில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் வீடு. 1921-ல் பார்த்தசாரதி கோயில் யானை தள்ளி அடிபட்டார். அதிலிருந்து தேறி வந்தாலும், பிறகு வந்த வயிற்றுக் கோளாறிலிருந்து மீளவில்லை. செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்தது. 39 வயது நிறையவில்லை. இறுதி ஊர்வலத்தில் 20 பேர்கூட இல்லை. அவர் வாழ்ந்த அந்த வீடு இப்போது பாரதியார் நினைவு இல்லம், யாரும் போய்ப் பார்க்கலாம்.

பிறகு எப்படி 4 லட்சத்தையும் தாண்டியது?

முதலில் அச்சில் இறங்கியது செல்லம்மா. கணவர் இறந்த மறு ஆண்டே, சகோதரர் அப்பாதுரையின் துணையோடு பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் ஸ்வதேச கீதங்களை வெளியிட்டார். பெண்கள் பதிப்புத் தொழிலில் கிட்டத்தட்ட இல்லாத காலம். ஆனால் கையில் முதல் இல்லாமல் தொடர்ந்து நடத்த முடியவில்லை. பிறகு பாரதியின் தம்பி சி.விசுவநாதனும் ஹரிஹர சர்மாவும் சேர்ந்து நடத்திய பாரதி பிரசுராலயம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. பாஞ்சாலி சபதத்தின் இரண்டாம் பாகமும் அங்கிருந்து வந்தது. பின்னர் நூல்களின் உரிமையையும் செல்லம்மாவிடமிருந்து அவர்களே வாங்கிக்கொண்டார்கள்.

1928-ல் ஒரு திருப்பம். பர்மா அரசு பாரதி பாடல்களைத் தடை செய்தது. பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம் என்பதால், அந்தத் தடையை வைத்து சென்னையிலும் சுமார் 2,000 பிரதிகளைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி இதைக் கடுமையாக எதிர்த்துப் பேசினார், அரசைக் கண்டிக்கும் தீர்மானம் நிறைவேறியது. பிற்பாடு தடையும் விலகியது. அதுவரை பாரதியைப் படிக்காதவர்களும் அதன் பிறகு தேடிப் படித்தார்கள். மேடை, நாடகம், கிராமபோன் தட்டு, சினிமா என்று பாடல்கள் பரவின. படிக்கத் தெரியாதவர்களுக்கும் பாரதி போய்ச் சேர்ந்தது இந்த வழியில்தான்.

பாட்டு பரவியதும் அதன் உரிமைக்கு விலை வந்துவிட்டது. பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை கை மாறி ஏ.வி.மெய்யப்பனிடம் வந்து சேர்ந்தது. அவர் 1947-ல் 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாடல்களைச் சேர்த்து பெரிய வெற்றி கண்டார். அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. பாரதி பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்பதா என்ற கோபம் கிளம்பியது. பாரதி விடுதலைக் கழகம் உருவானது. எழுத்தாளர்கள் ஊர் ஊராகப் பேசினார்கள்.

1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை அரசு பாரதி படைப்புகளின் உரிமையைக் கையகப்படுத்தியது. மெய்யப்பன் பணம் எதுவும் வாங்காமல் தன்னிடமிருந்த உரிமையை விட்டுக்கொடுத்தார். விசுவநாதனுக்கும், செல்லம்மாவுக்கும் மகள்களுக்கும் அரசு தொகை கொடுத்தது. 1950-களின் நடுவில் அந்த உரிமை மக்களுக்கே பொதுவாக்கப்பட்டது. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் பாரதியை அச்சடிக்கலாம், பாடலாம், யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம். தீப்பெட்டி மாதிரி விற்கும் என்று சொன்னது கடைசியில் நடந்தது, அவரும் அவர் குடும்பமும் அதற்கான வருமானத்தைப் பார்க்காமலே.

இன்று எழுதுபவருக்கு இதில் என்ன இருக்கு?

முதலாவது, தொகுப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். பாரதிக்கு முதலில் பத்திரிகை, பிறகு நாலு பக்கப் பிரசுரம், அதற்குப் பிறகுதான் புத்தகம். சிற்றிதழிலும் இணைய இதழிலும் பத்துக் கவிதை வந்திருந்தால், பதிப்பாளர் உங்கள் பெயரை முன்பே பார்த்திருப்பார்.

இரண்டாவது, சொந்தமாகப் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தேவைக்கு ஏற்ப 50, 100 பிரதிகள் மட்டும் அச்சடிக்கும் வசதி இப்போது இருக்கிறது. ஐ.எஸ்.பி.என். எண் வாங்க இந்தியாவில் கட்டணம் இல்லை. மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை வழியாக ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். ஆனால் அடிப்பதற்கு முன்பே, யார் விற்கப்போகிறார்கள் என்பதை முடிவு செய்துவிட வேண்டும். 1920-ன் திட்டம் விழுந்தது அந்த இடத்தில்தான்.

மூன்றாவது, உரிமையைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு கவிதையின் உரிமை எழுதியவரின் ஆயுள் காலத்துக்கும், அதன் பிறகு 60 ஆண்டுகளுக்கும் உண்டு. உரிமையை இன்னொருவருக்கு மாற்ற எழுத்து மூலமான ஒப்பந்தம் தேவை. எத்தனை ஆண்டு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால், 5 ஆண்டுகள் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். புத்தகம், ஆடியோ, சினிமா, மொழிபெயர்ப்பு எல்லாம் தனித்தனி உரிமைகள். எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதிக் கொடுக்கச் சொன்னால், ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்கிப் படிப்பதில் தப்பே இல்லை.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, அது சட்டத்திலும் செயலியிலும் கிடைக்காது. உங்கள் கவிதையை உங்களைவிட அதிகமாக நம்பி அச்சகத்துக்கும் கடைக்கும் எடுத்துப்போகும் ஒரு ஆள். பாரதிக்கு அப்படி ஒரு தம்பி கிடைத்தார். கண்ணன் பாட்டை எழுதியவர் கையிலேயே அது புத்தகமாகப் போய்ச் சேர்ந்தது, அவர் உயிரோடு இருந்தபோதே. குயில் பாட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.